ட்யூனர், மெட்ரோனோம் வாங்கும் முன்: ஒரு வயலின் டீச்சர் சொல்வது

விஜயதசமி முடிந்த வாரத்தில் பிள்ளைகளைச் சேர்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது ஃபீஸ் எவ்வளவு என்று. அடுத்த கேள்வி, "மெஷின் எது வாங்கணும் டீச்சர்?" மதுரை சிம்மக்கல்லில் வீட்டு மாடியில் கர்நாடக சங்கீத வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு ஒவ்வொருவரையும் உட்காரவைத்துப் பேச வேண்டியிருக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

அவர்கள் மெஷின் என்று சொல்வதில் மூன்று சாமான் இருக்கிறது. விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும் எலெக்ட்ரானிக் தம்புரா, அல்லது சுருதிப்பெட்டி. தட்டு எண்ணும் மெட்ரோனோம். கம்பி எந்த ஸ்வரத்தில் நிற்கிறது என்று காட்டும் ட்யூனர். மூன்றில் ஒன்றுக்குத்தான் இப்போது காசு இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், தம்புரா. ஆறு மாதம் கழித்து மெட்ரோனோம். ட்யூனர் கடைசி. ஆனால் பெற்றோர் தலைகீழாகத்தான் வாங்கி வருகிறார்கள். ட்யூனரில் பச்சை விளக்கு எரிகிறது, பணம் கொடுத்ததற்கு ஏதோ நடப்பது கண்ணுக்குத் தெரிகிறது. தம்புராவில் பார்க்க என்ன இருக்கிறது?

ட்யூனர்

கடையில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "குரோமேட்டிக் ட்யூனரா?" பன்னிரண்டு ஸ்வர ஸ்தானத்தையும் காட்டுவது குரோமேட்டிக். டவுன்ஹால் ரோடு பக்கம் கேட்டாலும், ஆன்லைனில் தேடினாலும், விலை குறைவாகக் கிடைப்பவற்றில் கிடாருக்கென்றே செய்தது நிறைய. சிலவற்றில் வயலின் என்று ஒரு மோட் தனியாக இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அந்த வயலின் மேற்கத்திய வயலின். ஜி, டி, ஏ, ஈ என்ற நான்கு கம்பியைத்தான் அதற்குத் தெரியும். நாம் வைப்பது ஸ ப ஸ ப, அதாவது ஸட்ஜம், பஞ்சமம், மறுபடி ஸட்ஜம், பஞ்சமம். ஸட்ஜத்தை ஆர்மோனியத்தின் எந்தக் கட்டையில் வைக்கிறோமோ அதுதான் நம் சுருதிக் கணக்கு; 2 கட்டைக்குச் சேர்த்தால் கீழ்க்கம்பியிலிருந்து டி, ஏ, டி, ஏ. வயலின் மோடில் வைத்துக்கொண்டு நம் முதல் கம்பியை (கடைசியாகச் சொன்ன ஏ) முறுக்கினால் அது ஈ-க்குக் கொண்டுபோகச் சொல்லும். எனவே குரோமேட்டிக் மோடில் போட்டுவிட்டு, அந்தப் பொத்தானைப் பிள்ளை தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டைக் கணக்கு ட்யூனரில் வராது, ஆங்கில எழுத்துதான் வரும். 1 கட்டை சி. 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. அரைக் கட்டை எல்லாம் நடுவில் உள்ள கறுப்புக் கட்டை: ஒன்றரை என்றால் சி ஷார்ப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்தரை ஜி ஷார்ப். மூன்றரையும் ஏழரையும் கிடையாது. ஆர்மோனியத்தில் அந்த இடத்தில் கறுப்புக் கட்டை இல்லை. (ஏழரை இல்லாததில் ஒரு பாட்டிக்கு ரொம்பத் திருப்தி.) இதை ஒரு சீட்டில் எழுதி வயலின் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள். மனப்பாடம் தானாக ஆகிவிடும்.

எழுத்துக்குப் பக்கத்தில் ஸ்தாயி (ஒரு ஸ முதல் அடுத்த ஸ வரை) எண்ணும் தெரிகிற ட்யூனர் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கலாம். 'ஏ' என்று மட்டும் காட்டினால் எந்த ஏ என்று தெரியாது. புதுக் கம்பி மாட்டும்போது இதுதான் ஆபத்து. ஒரு பையன் வீட்டில் முதல் கம்பியை மாட்டியிருக்கிறான். வர வேண்டிய ஏ வந்து போயே விட்டது, அவன் கவனிக்கவில்லை. அடுத்த ஏ எப்போது வரும் என்று முறுக்கிக்கொண்டே போக, அறுந்த நுனி கையில் கோடு போட்டுவிட்டது. ஏ4 என்று தெரிகிற ட்யூனராக இருந்தால் அந்தத் தேடலே இல்லை.

கிளிப் ட்யூனரா, மைக் வைத்த ட்யூனரா? கிளிப், வாத்தியத்தின் மரத்தில் வரும் அதிர்வை நேராக எடுத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டு டிவி, தெரு முனையில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் எதுவும் அதற்குப் பொருட்டில்லை. சித்திரைத் திருவிழா சமயத்தில் மாசி வீதிப் பக்கம் மைக் ட்யூனரை வைத்துக்கொண்டு சுருதி சேர்த்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும். வயலின், வீணைக்குக் கிளிப்தான் என் கட்சி. ஐநூறு ரூபாய்க்குள்ளேயே வேலைக்கு ஆகிற கிளிப் கிடைக்கிறது. ஒரே ஒரு சங்கடம்: நாம் சம்மணமிட்டு உட்கார்ந்து வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றுகிறோம். மேல்நாட்டுக்காரர் மாட்டும் அதே தலையில் நாமும் கிளிப்பை மாட்டினால் அது காலில் குத்தும், வயலின் வழுக்கும். பிருடைப் பெட்டியின் (கம்பியை முறுக்கும் ஆணிகள் இருக்கும் இடம்) பக்கவாட்டில் மாட்டி, சுருதி சேர்த்ததும் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். கழற்றுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

பாடுகிறவர்களுக்கு கிளிப்பால் பயனில்லை, மைக் உள்ளதுதான். அதை வைத்துச் செய்யக்கூடிய உருப்படியான வேலை, பிள்ளைக்கு எந்தக் கட்டை ஒத்துவரும் என்று பார்ப்பது. சிரமப்படாமல் கீழே எதுவரை இறங்குகிறது, கத்தாமல் மேலே எதுவரை ஏறுகிறது என்று ட்யூனரில் பார்த்துக் குறித்துக்கொண்டால், ஸட்ஜத்தை எங்கே வைக்கலாம் என்று கணக்குப் போட்டுவிடலாம். பையன்களுக்கு மீசை அரும்பும் வயதில் குரல் உடைந்து கட்டை இறங்கும். அந்தச் சமயத்தில் பழைய கட்டையிலேயே பாடச் சொல்லி இம்சை செய்யாமல் மறுபடி இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்.

மைக் ட்யூனரை முதலில் ஆன் செய்ததும், யாரும் எதுவும் வாசிக்காமலேயே 'ஜி' என்று காட்டினால் மெஷின் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடாதீர்கள். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் சோக்கும் ஃபேன் ரெகுலேட்டரும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸில் உறுமிக்கொண்டிருக்கும். ஜி என்ற ஸ்வரம் 98 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அதனால் ட்யூனரின் முள் ஜி-யைத் தாண்டி வலப்பக்கம் ஒரு 35 சென்ட் (என்ன அளவு என்று கீழே சொல்கிறேன்) தள்ளி நின்றுகொண்டு ஆடாமல் அசையாமல் இருக்கும். டியூப்லைட்டையும் ஃபேனையும் நிறுத்தினால் போய்விடும். மே மாதத்து மதுரையில் ஃபேனை நிறுத்து என்று சொல்ல எனக்கு மனசு வராது; கிளிப் வாங்குங்கள் என்பதற்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதேபோல மைக் ட்யூனர் பக்கத்தில் தம்புரா ஒலித்துக்கொண்டிருந்தால் அது உங்கள் கம்பியை விட்டுவிட்டுத் தம்புராவைக் காட்டிக்கொண்டிருக்கும். "டீச்சர், எப்படி மீட்டினாலும் கரெக்டுனே வருது" என்று ஒரு குழந்தை பூரித்துப்போனதன் ரகசியம் அதுதான்.

சென்ட் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஸ்தாயியை 1200 பங்காக்கி, ஒரு அரைக் கட்டைக்கு 100 சென்ட் என்று வைத்திருக்கிறார்கள். இந்த அளவை 1880களில் கொண்டுவந்தவர் அலெக்ஸாண்டர் எல்லிஸ் என்ற ஆங்கிலேயர். ட்யூனரின் பச்சை விளக்கு இந்தச் சமபங்குக் கணக்கைத்தான் பார்க்கிறது. இங்கேதான் நமக்கும் அதற்கும் ஒத்துவராமல் போகிறது. பஞ்சமத்தில் வம்பில்லை: இயற்கையான பஞ்சமம் 702 சென்ட், ட்யூனர் கேட்பது 700. இந்த இரண்டு சென்டைக் காதால் பிடிக்க முடியாது. ஆனால் அந்தர காந்தாரம், அதாவது மேல் காந்தாரம்? தம்புராவில் ஸட்ஜக் கம்பியை நன்றாகச் சேர்த்து மீட்டினால் அதற்குள்ளிருந்தே ஒரு காந்தாரம் எழும்பிக் கேட்கும். அது 386 சென்ட். ட்யூனர் கேட்பதோ 400. தம்புராவோடு இழைந்து நிற்கிற காந்தாரத்தைப் பிள்ளை வாசித்தால், முள் 14 சென்ட் இடப்பக்கம் போய்ச் சிவப்பு எரியும். பச்சைக்காகப் பிள்ளை விரலை ஏற்றினால் தம்புராவோடு உரசும். கம்பிகளைச் சேர்த்ததும் ட்யூனரைக் கழற்றிவிடச் சொன்னேனே, இதற்குத்தான். அசைத்து வாசிக்கிற தோடி ராகக் காந்தாரத்தையோ பைரவி ராக நிஷாதத்தையோ அதன் முன்னால் வாசித்துக் காட்டாதீர்கள், பாவம், முள்ளுக்கு மயக்கம் வந்துவிடும். ட்யூனர் ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் காட்டட்டும். மற்றதைக் காது பார்த்துக்கொள்ளும்.

எங்கள் ஊர்ப் பாடகர் மதுரை மணி ஐயர் சுருதி சுத்தத்துக்குப் பேர்போனவர். 1968ல் காலமானார். அவருடைய கச்சேரிப் பதிவுகள் நிறையக் கிடைக்கின்றன. அதோடு சேர்ந்து வாசித்துப் பழகலாம் என்று உட்கார்ந்தால் வேறொரு சிக்கல் வரும். பழைய டேப் பதிவுகள் ஓடிய வேகத்தில் முன்பின் இருக்கும். சுருதி எந்தக் கட்டையிலும் சேராமல் இரண்டுக்கும் நடுவில் தொங்கும். ட்யூனரில் உள்ள காலிப்ரேஷன் என்ற வசதிக்கு நம்மிடம் இருக்கும் நல்ல வேலை இதுதான். சாதாரணமாக அது 440 என்று இருக்கும், அதாவது ஏ என்பது 440 ஹெர்ட்ஸ். பதிவின் ஸட்ஜம் 25 சென்ட் மேலே நிற்கிறது என்று வையுங்கள், காலிப்ரேஷனை 446க்கு மாற்றிவிட்டு வயலினைச் சேருங்கள், பாட்டோடு ஒட்டிக்கொள்ளும். முடிந்ததும் மறக்காமல் 440க்குத் திருப்பிவிட வேண்டும். யாரோ தெரியாமல் 442ல் விட்டுவிட்டால் கம்பி எல்லாம் 8 சென்ட் ஏறி நிற்கும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது ஒன்றும் தெரியாது. வகுப்பில் இன்னொரு வயலினோடு சேரும்போது 'வ்வா வ்வா' என்று அலையடிக்கும்.

கம்பி வாத்தியம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கடம் வாங்க மானாமதுரை போகிறீர்கள் என்றால் போனில் ஒரு ட்யூனர் ஆப் கட்டாயம் இருக்கட்டும். மிருதங்கத்தை வார் தட்டிச் சுருதி சேர்க்கலாம். கடம் சூளையிலிருந்து என்ன சுருதியோடு வந்ததோ அதுதான், எனவே வாங்கும்போதே கட்டை பார்த்து எடுக்க வேண்டும். தட்டின ஒலி உடனே மறைந்துவிடுவதால் முள் தாவும். விரல் நுனியால் கழுத்துப் பக்கம் ஒரே மாதிரி நாலைந்து தடவை தட்டி, திரும்பத் திரும்ப எந்த எழுத்து வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் வேறு வேறு எழுத்து வந்தால் அந்தப் பானையை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். எழுத்து சரியாக வந்தாலும் தம்புரா ஆப்பையும் போட்டு அதன்மேல் ஒருமுறை தட்டிக் கேட்டுவிட்டுத்தான் காசைக் கொடுக்க வேண்டும்.

மெட்ரோனோம்

முக்கோணமாக மரப்பெட்டியில் ஊசல் ஆடுமே, சாவி கொடுக்கிற மெட்ரோனோம், அது பார்க்க அழகு. மெல்ட்செல் என்பவர் 1815ல் காப்புரிமை வாங்கிய சாதனம். அதன் ஊசல் தத்துவத்தைக் கண்டவர் ஆம்ஸ்டர்டாமில் இருந்த விங்கெல் என்ற வேறொருவர். ஷோகேஸில் வைக்க வாங்கலாம். சமமான தரையில் வைக்காவிட்டால் நொண்டும். பழைய வீட்டுத் தரையில் சம இடம் தேடுவதற்குள் அரை மணி நேரம் போய்விடும். வேகமும் 40க்குக் கீழே இறங்காது. டிஜிட்டல் வாங்குங்கள். நிமிடத்துக்கு 30 தட்டு வரை இறங்குகிறதா என்று பாருங்கள். மேலே 250 வரை போகிறது என்ற விளம்பரம் நமக்குத் தேவையே இல்லை.

ஏன் தேவையில்லை என்பதைப் பெற்றோர் முதலில் புரிந்துகொண்டால் என் வேலை பாதி குறையும். ஆரம்பப் பாடமான சரளி வரிசைக்கு 60ல் வைக்கிறோம். தட்டுக்கு ஒரு ஸ்வரம், அது முதல் காலம். இரண்டாம் காலத்துக்கு வீட்டில் என்ன செய்கிறார்கள் என்றால், மெட்ரோனோமை 120க்கு ஏற்றிவிடுகிறார்கள். அப்போதும் தட்டுக்கு ஒரு ஸ்வரம்தான். அது முதல் காலத்தையே அவசரமாக வாசிப்பது. மெட்ரோனோம் 60லேயே இருக்க வேண்டும்; தட்டுக்கு இரண்டு ஸ்வரம் வைத்தால் இரண்டாம் காலம், நான்கு வைத்தால் மூன்றாம் காலம். தட்டு மாறாமல் இருக்க, அதற்குள் எத்தனை நிரப்புகிறோம் என்பதுதான் பாடம். மூன்றாம் காலம் திணறினால் 60ஐ 50ஆகவோ 40ஆகவோ இறக்கி, மறுபடி முதல் காலத்திலிருந்து மூன்றையும் வாசிக்க வேண்டும். இதனால்தான் கீழே எதுவரை இறங்கும் என்று பார்க்கச் சொன்னேன்.

அடுத்து, அழுத்தம் வைக்கும் வசதி. சாதாரண மெட்ரோனோமில் முதல் தட்டு மட்டும் வேறு சத்தத்தில் வரும். ஆதி தாளத்துக்கு எட்டு என்று வைத்தால் சமம் (தாளம் தொடங்கும் இடம்) தெரியும், அது போதும், ஆரம்பத்துக்கு ஒன்றும் குறைவில்லை. ஒன்று, ஐந்து, ஏழு ஆகிய தட்டுகளில் அழுத்தம் வைத்துக்கொள்ளக் கூடியதாக இருந்தால் லகுவும் (முதல் நான்கு தட்டு) இரண்டு திருதமும் (அடுத்த இரண்டிரண்டு தட்டு) காதிலேயே விழும். மிஸ்ர சாப்புக்கு ஏழு, கண்ட சாப்புக்கு ஐந்து எண்ண முடிகிறதா என்றும் பாருங்கள். சில பழைய மாடல்களில் 2, 3, 4, 6 மட்டும்தான் வரும். தாள அங்கங்களை அப்படியே சொல்லும் தாளமானி தனியாக வருகிறது. பெங்களூரு ரேடல் போன்றவர்கள் நம் சங்கீதத்துக்கென்றே செய்கிறார்கள். பாட்டுப் பிள்ளைகளுக்கு அது நல்லது. நடை மாற்றம், தட்டுக்குள் ஐந்து, ஏழு என்று உட்பிரிவு, அதெல்லாம் வர்ணம் தாண்டியபிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த வசதி பெட்டிகளைவிட போன் ஆப்களில்தான் தாராளமாக இருக்கிறது.

சத்தத்தைக் காதில் கேட்காமல் மெட்ரோனோம் வாங்கக் கூடாது. 'பீப்' என்று அடிப்பதில் அதற்கென ஒரு சுருதி இருக்கும். அது உங்கள் ஸட்ஜத்தோடு சேராமல் ஒரு மணி நேரம் காதைக் குடையும். கட்டையில் தட்டின மாதிரி 'டொக்' என்று வருவதுதான் நல்லது. வயலின் காதோரம் ஒலிக்கும். சின்ன ஸ்பீக்கர் அதில் அமுங்கிவிடும். எனவே இயர்போன் துளை இருக்கட்டும். மிருதங்கம், தவில், நாகஸ்வரம் என்றால் சத்தத்தை நம்பவே வேண்டாம், பளிச்சென்று மின்னும் விளக்கு உள்ளதைப் பாருங்கள். தவிலுக்குப் பக்கத்தில் எந்த மெட்ரோனோம் கத்தினாலும் யாருக்குக் கேட்கப்போகிறது?

பாட்டுப் பிள்ளைகளிடம் ஒரு கண் வையுங்கள். மெட்ரோனோம் வந்த மறுநாளே கை தாளம் போடுவதை நிறுத்திவிடுவார்கள். மெஷின் தட்டுவது டீச்சருடைய கைக்குப் பதிலாகத்தான். அவர்கள் கை அவர்கள் தொடையில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். ஓடுகிறதா, இழுக்கிறதா என்று கைக்கும் தட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் சொல்லும். சங்கதி நன்றாகப் பிடிபட்டபின் பாதி நாள் மெட்ரோனோமை அணைத்துவிட்டு வாசிக்கட்டும். கடைசியில் போட்டுப் பார்த்து, ஆரம்பித்த வேகத்திலேயே முடித்தோமா என்று சரிபார்த்தால் போதும். தாளம் இல்லாத ஆலாபனை, விருத்தம் பக்கம் அதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

போனா, பெட்டியா?

இரண்டும் ஒன்றாக இருக்கும் சின்னப் பெட்டி வாங்கலாம். கோர்க் டிஎம்-60 அந்த வகை: ஒரே நேரத்தில் ட்யூனரும் மெட்ரோனோமும் ஓடும், 30 முதல் 252 வரை போகும், தனியாக ஒரு கிளிப் மைக் சொருகிக்கொள்ளலாம். வகுப்பில் நான் வைத்திருப்பது அதுதான். பென்சில் பேட்டரியில் ஓடுவதால் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளிலும் வகுப்பு நிற்காது. விலை கூட என்று தோன்றினால் ஒரு மலிவான கிளிப் ட்யூனர், மெட்ரோனோமுக்கு ஆப், இது போதும்.

ஆப்பில் குறை ஒன்றும் இல்லை. துல்லியம் பெட்டிக்குச் சமம்தான். குறை போனில். வர்ணத்தின் நடுவில் வாட்ஸ்அப் 'டிங்' என்று ஒரு தட்டைச் சேர்க்கும். சித்தப்பா கூப்பிடுவார், தாளம் நிற்கும். பிள்ளை ஆப்பைத் தேடி உள்ளே போய் வேறெங்கோ வெளியே வரும். வீட்டில் பழைய போன் ஒன்று கிடந்தால் சிம்மைக் கழற்றிவிட்டு, தம்புரா, மெட்ரோனோம், ட்யூனர் என்று மூன்று ஆப் மட்டும் போட்டு வயலின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். புதுப் பெட்டி வாங்குவதைவிட இது எனக்குப் பிடித்த வழி.

ஆன்லைனில் கற்றுக்கொள்கிறவர்கள் கவனிக்க: என் பக்கம் ஓடும் மெட்ரோனோம் உங்களிடம் தாமதமாக வந்து, நீங்கள் வாசிப்பது என்னிடம் இன்னும் தாமதமாக வரும். ஆகவே மெட்ரோனோம் எப்போதும் மாணவர் பக்கத்தில் ஓட வேண்டும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதை ஆன் செய்யாவிட்டால், தம்புராவை ஃபேன் சத்தம் என்று நினைத்து அது அழித்துவிடும்.

வாங்கி வந்த அன்று இரண்டு சோதனை. மெட்ரோனோமை 60ல் வைத்து சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளோடு ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். முள்ளை விட்டு விலகக் கூடாது. ட்யூனருக்கு, வேறொரு போனில் 440 ஹெர்ட்ஸ் ஒலியைப் போட்டுக் காட்டுங்கள். ஏ என்று நடுவில் நிற்க வேண்டும். அப்படியே வீட்டில் பழைய சுருதிப்பெட்டி இருந்தால் அதையும் ட்யூனரில் பார்த்துவிடுங்கள். திருகு வைத்த பழைய பெட்டிகள் சூடானால் நழுவும். திருகில் 5 என்று போட்டிருப்பது உள்ளே ஐந்தாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பேட்டரியைக் கழற்றி வையுங்கள். கசிந்து, ஸ்பிரிங்கில் பச்சை பூத்த ட்யூனரோடு ஜூன் மாதம் யாராவது ஒருவர் வருவது வழக்கமாகிவிட்டது.